கோப்பைக் கடை ஜெபம்

சொந்தப் பெண்டாட்டியைப் பாஸ்டர் "சகோதரி" என்று கூப்பிட்டது சனிக்கிழமை காலையில், குளியலறைக்குள் இருந்து.

"சகோதரி, ஒரு துண்டு கிடைக்குமா?"

பாஸ்டரம்மா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது. வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் வீட்டுக்குள் அவளை "ஏய்" என்றும், கோபம் வந்தால் "இந்தாடி" என்றும், சந்தோஷமாக இருந்தால் "எங்கடி போன" என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். மேடைக் குரல் வேறு, வீட்டுக் குரல் வேறு. மேடைக் குரலைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

கொஞ்ச மாதமாக அந்தக் குரலும் கூடவே உள்ளே வர ஆரம்பித்திருந்தது. முதலில் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்தது. அப்புறம் கட்டில் வரைக்கும். இன்றைக்குக் குளியலறைக்குள்ளேயும் போய்விட்டது.

துண்டைக் கொண்டுபோய் நீட்டினாள். கதவிடுக்கில் ஓர் ஈரக்கை வந்து வாங்கிக்கொண்டது. "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்றது உள்ளிருந்து குரல்.

துண்டு கொடுத்ததற்கு.

போன வாரம் இந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் அந்த அடக்க ஆராதனையை மறந்திருக்க மாட்டார்கள். படிக்காமல் அலமாரித் தட்டில் விரித்துவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக: ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, கல்யாண வீட்டில் சொல்கிற ஆசீர்வாதத்தைச் சொன்னார். "இவர்கள் குடிபுகும் இந்தப் புது வீடு சீக்கிரமே மழலைச் சத்தத்தால் நிறையட்டும்" என்றார். குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள். செத்தவரின் மகன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

ஒருத்தரும் கவனிக்கவில்லை. பாஸ்டரம்மா கவனித்தாள். அன்றிலிருந்து ஆமென் என்கிற சத்தம் காதில் விழுந்தாலே தொண்டையில் தலைமுடி சிக்கியதுபோல அவளுக்கு ஒரு குமட்டல். ஒரு பாஸ்டரின் மனைவிக்கு இது நல்ல வியாதியல்ல.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க. நாள் முழுக்க அவள் பேசுவது அவ்வளவுதான். யார் யாருடைய நெஞ்சுக்கூட்டையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவளுக்குப் பக்கத்தில் படுக்கிற மனுஷனின் முட்டியைப் பார்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் முழங்காலில் நின்று ஜெபித்து ஜெபித்து அவருடைய இரண்டு முட்டியும் காய்த்துப்போய், கிள்ளினால் வலிக்காது. அடக்க ஆராதனை முடிந்து வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து கால்சட்டையைக் கழற்றும்போது பார்த்தாள். காய்ப்பைக் காணோம். சின்னப் பிள்ளை முட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறவர் தனக்கென்று முட்டி போட்டு எவ்வளவோ காலம் ஆகியிருக்கிறது.

அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். கேட்காமலேயே தன் ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருந்தாள்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்கே படுத்துக் கிடந்தது. நாளை சாயங்காலம் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் தொடங்குகிறது. பேசுவது பாஸ்டர். தலைப்பு, 'சோர்ந்துபோகாதே'. தெரு முனையில் விளம்பரத் தட்டி வைத்துவிட்டார்கள். அதில் பாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பல்லும் குளியலறை ஓடு அளவுக்கு இருந்தது. அந்த மேடையில் அவரை ஏறவிடாமல் எப்படியாவது திங்கட்கிழமை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இரவுப் பணி முடிந்து மகள் வீட்டுக்குள் நுழைந்தாள். அவள் வேலை, முகம் தெரியாத வாடிக்கையாளர்கள் போனில் திட்டுவதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்வது. அப்பா தொழிலும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் எங்களுக்கு வார விடுமுறை உண்டு என்று அடிக்கடி சொல்வாள். சகோதரி விவகாரத்தை அம்மா சொல்லக் கேட்டுவிட்டு, பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"அப்பா ஸ்கிரிப்ட் வாசிக்கிறார்மா."

"என்னடி உளர்ற?"

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தார். 'தங்கள் அழைப்புக்கு நன்றி'ன்னு சொல்லிட்டு, கட் பண்ணிட்டு, அழுவாரு. அடுத்த போன் வரும். கண்ணைத் தொடச்சிட்டு, 'தங்கள் அழைப்புக்கு நன்றி'ம்பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்த மாசம் சிறந்த ஊழியர் விருது அவருக்குத்தான் குடுத்தாங்க."

பாஸ்டர் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கப் போகும்போது பின்வாசல் வழியாகச் சபை மனிதர் ஒருவர் வந்தார். பாஸ்டர் வீட்டுக்குப் பின்வாசல் ஒன்று உண்டு, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. வைத்திருந்தார்கள். 'மேய்ப்பன் வீட்டுக்குத் தாழ்ப்பாளா' என்று சபையில் ஒரு பேச்சு வந்ததும் கழற்றிவிட்டார்கள். வந்தவர் மன்னிக்கணும் என்றார், சட்டையை முதுகுப் பக்கம் தூக்கினார், திரும்பி நின்றார். நல்ல வளர்ந்த கட்டி. சிவந்து, நடுவில் மஞ்சள் முகம் வைத்து, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் காட்டினீர்களா என்று பாஸ்டரம்மா கேட்டாள். முதலில் கர்த்தருடைய சமூகத்தில் காட்டிவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்றிருப்பதாக அவர் சொன்னார். கர்த்தருடைய சமூகம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பாஸ்டர் எழுந்தார். கட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஜெபித்தார். ஆரம்பத்தில் சாதாரணமாகத்தான் போனது. போகப் போகக் குரல் ஏறி, கை அழுந்தி, "உடையட்டும்" என்றார். கட்டி அங்கேயே கொஞ்சம் கீழ்ப்படிந்தது.

வந்தவர் மகிழ்ச்சியோடு சட்டையை இறக்கிக்கொண்டு போனார். பாஸ்டர் உட்கார்ந்தார். அதே கை ரொட்டியை நோக்கிப் போயிற்று.

பாஸ்டரம்மா மணிக்கட்டைப் பிடித்தாள். "கையைக் கழுவுங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆமென்" என்றார்.

மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுபோலக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், சோப்புப் போட்டு, பாஸ்டரம்மாதான் அந்தக் கையைக் கழுவிவிட்டாள். அவளுக்குக் குமட்டியது கட்டியால் அல்ல. ஆஸ்பத்திரியில் அதைவிடப் பெரியதெல்லாம் பார்த்தாயிற்று. தன் கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் ஒரு மனுஷன் சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, அதனால்.

*

பாஸ்டரின் அண்ணன்தான் சபைக் கமிட்டியின் செயலாளர். தொழில், கக்கூஸ் கோப்பை முதலான குளியலறைச் சாமான்கள் விற்பது. வாலிபர் கூட்டத்தில் அவருக்குக் கோப்பை அண்ணன் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். வியாபாரத்துக்கு விளம்பரம்தானே என்று விட்டுவிட்டார். வீட்டில் பாஸ்டரைத் 'தம்பி' என்பார், சபையில் 'பாஸ்டர் ஐயா' என்பார். இரண்டு இடத்திலும் சொல்வது ஒன்றுதான்: இதைச் செய்.

அன்று பதினொரு மணிக்கு அவருடைய புதுக் கடை திறப்பு விழா. பெயர்ப்பலகையில் 'என் பாத்திரம் நிரம்பி வழிகிறது' என்கிற பைபிள் வசனத்தைப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருந்தார். பாஸ்டரின் மகள்தான் தடுத்தாள். "பெரியப்பா, கக்கூஸ் கடையில நிரம்பி வழியுதுன்னு எழுதினா ஒருத்தன் உள்ள வரமாட்டான்" என்று அவள் சொன்ன பிறகு, 'சமாதானம்' என்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்.

கடை பளபளவென்று இருந்தது. புதுப் பசை நாற்றமும் ரோஜா வாசனைத் தெளிப்பானும் கலந்து மூக்கைப் பிடித்தது. வரிசை வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சிவப்பு நாடா. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். நாற்காலி போதவில்லை. மூடி போட்ட கோப்பைகள் போதுமான அளவு இருந்தன. சபையின் மூத்தவர்கள் மரியாதையாக முன்வரிசைக் கோப்பைகளில் உட்கார்ந்து, தலை குனிந்து, கண்ணை மூடினார்கள்.

பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். பாஸ்டரம்மா பின்னால், கைகழுவும் தொட்டிகள் பக்கம் நின்றாள். கண்ணை மூடவில்லை. மூடிக்கொண்டு ஜெபிப்பதை எப்போது விட்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

"அன்புள்ள பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம்."

ஆமென், என்றது கடை.

"எங்கள் மத்தியில் வாழ்ந்து, உழைத்து, எங்கள் எல்லாருக்கும் பிரயோஜனமாயிருந்த இந்த அருமைச் சகோதரருக்காக ஸ்தோத்திரம்."

ஆமென். கோப்பை அண்ணன் மூடிய கண்ணோடு முகம் மலர்ந்தார்.

பாஸ்டரம்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை கல்லறையில் நின்றிருக்கிறாள்.

"அவர் தம் ஓட்டத்தை முடித்து, பாடுகள் நீங்கி, இளைப்பாறுவதற்காக ஸ்தோத்திரம்."

ஆமென். இந்த முறை ஆமென் கொஞ்சம் மெலிந்து வந்தது. முன்வரிசையில் ஒரு கண் திறந்தது. அது கோப்பை அண்ணனின் மனைவியுடையது.

"அவர் விட்டுச் சென்ற மனைவிக்கும் மக்களுக்கும் ஆறுதல் தாரும். இந்த வெள்ளைக் கற்களின் நடுவே அவர் நித்திரையடைந்திருக்கிற இந்த இடத்தை…"

இப்போது ஆமென் வரவில்லை. எல்லாக் கண்களும் திறந்திருந்தன. வெள்ளைக் கற்களின் மேல் உட்கார்ந்திருந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துகொண்டார்கள். எங்கோ ஒரு மூடி தானாக விழுந்து 'டப்' என்றது.

கவனியுங்கள். செத்தவரைக் குடித்தனம் வைத்தபோது ஒரு ஈ காக்காய்கூட அசையவில்லை. கடைக்குச் சகுனம் கெட்டவுடன் சபை மொத்தமும் விழித்துக்கொண்டது.

கோப்பை அண்ணன் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டே எட்டில் மைக்கைப் பிடுங்கி, சிரித்து, பழைய மனிதன் செத்துப் புது மனிதன் பிறப்பதைத்தான் பாஸ்டர் ஐயா அடையாளமாகச் சொன்னார், இதெல்லாம் ஆழமான வெளிப்பாடு, சட்டென்று புரியாது என்றார். புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆமென் திரும்பி வந்தது. நாடா வெட்டப்பட்டது. பாஸ்டர் கை தட்டினார்.

*

கடைக்குப் பின்னால் சாமான் அறை. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே கோப்பை அண்ணன் தம்பி மனைவியை நிறுத்தி வைத்திருந்தார். வியர்வையைத் துடைத்த கைக்குட்டையை மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்தார். இது சாதாரணமில்லை, பொல்லாத ஆவி என்றார். கூட்டத்துக்குப் பாட வந்திருக்கிற எண்ணெய் ஐயாவிடம் பேசிவிட்டாராம். யார் தலையைக் கண்டாலும் எண்ணெய் ஊற்றி ஜெபிப்பதால் அவருக்கு அந்தப் பெயர். சாயங்காலம் கமிட்டியோடு வீட்டுக்கு வந்து கையை வைத்தால் எல்லாம் ஓடிவிடும். நாளைக்குத் தம்பி மேடையில் நிற்பான்.

அவள் ஆவி இல்லை, அசதி என்றாள். திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகப் போவதைச் சொன்னாள். எந்த டாக்டர் என்று கேட்டார். சொன்னாள்.

கைக்குட்டை நின்றது.

"ஏம்மா, பாஸ்டருக்கு மனசு டாக்டரா? நாளைக்கு எவனாவது அவன்கிட்ட கவலைன்னு வருவானா?"

"யாரும் வரலேன்னா நல்லதுதான் அத்தான். கொஞ்ச நாள் வராம இருக்கட்டும். அவருக்கு லீவு குடுங்க."

"லீவா? கர்த்தருக்கு லீவு உண்டாம்மா?"

"ஏழாம் நாள் எடுத்துக்கிட்டார்னுதானே நீங்களே சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தீங்க."

அவர் சாமான் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த வீடு சபை வீடு என்பதையும், மேடையில் நிற்காத பாஸ்டருக்கு அதில் இருக்க முடியாது என்பதையும், தான் தனிப்பட்ட முறையில் எவ்வளவு வருத்தப்படுவேன் என்பதையும் எடுத்துச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு பெட்டியின் மேல் தட்டிக்கொடுத்தார். பெட்டியின் மேல், 'கவனம், எளிதில் உடையும்' என்று அச்சடித்திருந்தது.

அவளுக்கு அந்தக் கைக்குட்டையை வாங்கி அவர் வாயிலேயே திணிக்கலாமா என்று இருந்தது. அதற்குப் பதிலாக, வரேன் அத்தான் என்றாள். இத்தனை வருஷப் பழக்கம், அவ்வளவு எளிதில் போகாது.

*

வண்டியை அவள்தான் ஓட்டினாள். பாஸ்டர் மடியில் கையை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். தெரு முனைத் தட்டியைக் கடந்தபோது இரண்டு பாஸ்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார். குழாயடிக்குப் போனார். கை கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே இருந்தார். மகள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்தாள். அம்மா உதட்டில் விரல் வைத்தாள்.

"போகமாட்டேங்குது" என்றார் பாஸ்டர், தொட்டியைப் பார்த்தபடி.

மேடைக் குரல் இல்லை. கரகரவென்று, தூசி படிந்த, கொஞ்சம் எரிச்சலான குரல். பாஸ்டரம்மா பக்கத்தில் போனாள்.

"என்ன போகமாட்டேங்குது?"

"நாத்தம். எல்லார் தலை எண்ணெயும் இந்தக் கையிலதான் இருக்கு. காலைல அந்தக் கட்டி. என் கையப் பார்த்தா எனக்கே குமட்டுது."

அவள் வாழ்க்கையில் கேட்ட மிக நல்ல செய்தி அதுதான் போலிருந்தது. நாற்றம் தெரிகிறது என்றால் உள்ளே மூக்கு இருக்கிறது. மூக்கு இருந்தால் மற்றதும் எங்காவது இருக்கும். துண்டை எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை ஆசீர்வாதம் எதுவும் வரவில்லை.

கட்டிலில் போய் உட்கார்ந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இனிமேலும் கேட்காமல் இருக்க முடியாது.

"கடையில ஏங்க அப்படிச் சொன்னீங்க? வாய் தவறிடுச்சா?"

அவர் துண்டால் இரண்டு கையையும் மறுபடி துடைத்தார்.

"கல்லறையில தவறிடுச்சு" என்றார். "வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் என்ன சொன்னேன்னே தெரிஞ்சுது. யாராவது வந்து கேப்பாங்கன்னு பார்த்தேன். திட்டட்டும், அடிக்கட்டும்னு பார்த்தேன். ஒருத்தரும் வரல. நீயும் கேக்கல."

அவள் தரையைப் பார்த்தாள்.

"அப்போ இன்னைக்கு?"

"இன்னைக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன். யாராவது கேக்குறாங்களான்னு பார்க்கலாம்னு. நாலாவது வரியிலதான் பிடிச்சாங்க."

"மூணாவது. உங்க அண்ணி கண்ணைத் திறந்துட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. தட்டியில் இருக்கிற சிரிப்பு இல்லை. தும்மல் மாதிரி மூக்கு வழியாக வெடித்து வந்த சிரிப்பு. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. கோப்பையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்ததை அவள் சொல்ல, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

"மத்தவங்களுக்குன்னா வாய் தானா ஓடுது" என்றார். "எனக்குன்னு முட்டி போட்டா, அந்தப் பக்கம் யாரும் எடுக்கல. பாப்பா சொல்லுவாளே, ஹோல்டுன்னு. அந்த மாதிரி. பாட்டு மட்டும் ஓடிட்டே இருக்கு. அப்புறம் நானும் போனை வச்சிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ பாஸ்டரம்மால்ல? உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

சாயங்காலம் எண்ணெய் ஐயா வரப்போவதையும், வீட்டைப் பற்றி அண்ணன் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடுடி" என்றார்.

அந்த ஒரு 'டி'க்காக அவள் ஒரு குடத்தையே தூக்கிக் கொடுத்திருப்பாள். டம்ளரை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது வாசல் மணி அடித்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். மணிச் சத்தம் கேட்ட மாத்திரத்தில், அழுது வீங்கிய அந்த முகத்தில், உதடு இரண்டு பக்கமும் தானாக விரிந்தது. பல் தெரிந்தது. தெரு முனையில் நிற்கிற சிரிப்பு, அச்சு அசலாக. கண்ணுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தது. செத்த தவளையின் காலில் கரண்ட் வைத்தால் துள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் காட்டினார்களே, அதே துள்ளல்.

"அந்தச் சிரிப்பை முதல்ல கீழ வைங்க" என்றாள்.

அவர் கையால் வாயைத் தடவிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. விரலால் அழுத்தி மூடினார். மணி மறுபடி அடித்தது.

"நான் வீட்ல இல்லன்னு சொல்லு."

ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லாத வாக்கியம். கடன்காரன் வந்தாலும், கட்டிக்காரன் வந்தாலும், பாஸ்டர் வீட்டில் இருந்தால் இருக்கிறார்தான். பாஸ்டரம்மா டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். அறைக் கதவைச் சாத்தினாள். கூடத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நான் சொல்லட்டுமாம்மா? எனக்குப் பழக்கம்தான்."

"இல்ல. இது என் போன்."

கதவைத் திறந்தாள். கோப்பை அண்ணன் நின்றார், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. பின்னால் கமிட்டி. நடுவில் எண்ணெய் ஐயா, வெள்ளைச் சட்டை, பக்கவாட்டில் வாரிய தலை, கையில் ஒரு பாட்டில். பாட்டில் பெரியது. ஒரு தலைக்கு என்று கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

தம்பி எங்கே என்று கேட்டார் கோப்பை அண்ணன்.

"வீட்ல இல்ல அத்தான்."

சொல்லி முடித்த பிறகு இடி விழுகிறதா என்று ஒரு கணம் காத்திருந்தாள். விழவில்லை. கோப்பை அண்ணனின் பார்வைதான் கீழே விழுந்தது. வாசலில் பாஸ்டரின் செருப்பு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது.

"செருப்பு இங்க இருக்கே."

"செருப்பு இருக்கு" என்றாள் பாஸ்டரம்மா. "அவர் இல்ல. அவர் வீட்ல இல்லாம ரொம்ப நாளாச்சு. உங்களுக்குச் செருப்பு இருந்தா போதும்னு இருந்துட்டீங்க. நானும்தான்."

கமிட்டியில் ஒருவர் வழக்கம்போல ஆமென் சொல்லப்போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கோப்பை அண்ணன் கோபப்படவில்லை. வியாபாரி கோபப்படமாட்டார். நிதானமாகத் தன் செருப்பைக் கழற்றி, தம்பியின் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தார்.

"அப்ப சரி. வர்ற வரைக்கும் நாங்க இங்கயே இருக்கோம்."

மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். எண்ணெய் ஐயா பாட்டில் மூடியைத் திருகினார். இனிப்பும் காரலுமாக ஒரு நெடி கூடம் முழுக்கப் பரவி, சாத்திய கதவின் அடியில் புகுந்தது. மகள் போய் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். பாஸ்டரம்மாவின் ஆசை, நம்பிக்கை, கோபம் எல்லாம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தது.

உள்ளே டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் காலடி. அப்புறம் தாழ்ப்பாள் நகர்ந்தது.

அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே தாழ்ப்பாள் அது. அவள் கதவைச் சாத்தியபோதே அவர் அதைப் போட்டிருந்தாரா என்று அவளுக்குத் தெரியாது. போடும்போதும் எடுக்கும்போதும் அதற்கு ஒரே சத்தம்தான்.

பாஸ்டரம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். விடச் சொல்ல அங்கே ஆள் இல்லை.